மாத்திரை உறையில் இரண்டு வரி



மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மனச்சோர்வு மாத்திரை வாங்குபவர்களில் சிலர் குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை மட்டும் குடிக்கலாமாண்ணே?" என்பார்கள். கேட்பவர்களாவது பரவாயில்லை, கேட்காமல் போகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

எஸ்சிட்டாலோபிராமும் குளோனசெபாமும் சேர்ந்த மாத்திரையைப் பலர் வாங்குகிறார்கள். குளோனசெபாம், மது இரண்டுமே மூளையை மந்தமாக்குபவை. சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு தளர்ந்து உயிர் போகலாம். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு குடித்தாலும் மயக்கம் கூடும். வண்டி ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

குடிப்பதற்காக அன்று மட்டும் மாத்திரையை விடுபவர்களும் உண்டு. மருந்து ஒரே நாளில் உடம்பைவிட்டுப் போய்விடாது. ஃபுளூவாக்செட்டின் என்ற மருந்து வாரக்கணக்கில் தங்கும். அடிக்கடி விட்டால் தலைசுற்றல், பதற்றம், பழைய சோர்வு எல்லாம் திரும்பும்.

அட்டையைக் கத்தரித்து ஐந்து, ஆறு என்று கொடுக்கும்போது அதிலுள்ள பொடி எழுத்து ஆங்கில எச்சரிக்கையும் துண்டாகிவிடுகிறது. "மது கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்" என்று உறையில் தமிழில் முத்திரை குத்தித் தருவதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டாயமாக்க வேண்டும். டாக்டர்களும் சீட்டு எழுதுமுன் குடிப்பழக்கம் உண்டா என்று கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும். அதட்டினால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

- ஒரு மருந்தாளுநர், விருதுநகர்