கடற்காற்றும் வெல்டிங் யந்திரமும்

நம் கல்லூரியிற் கற்று வெளியேறிய நண்பர் சிலர் செங்கற்பட்டிலும், அதற்குக் கிழக்கே மாமல்லபுரக் கரையோரத்து ஊர்களிலும் வீடு கட்டிக் குடியேறியிருக்கின்றனர். தம் வீட்டு இரும்புக் கதவையும் சன்னற் கம்பியையும் தாமே செய்துகொள்ள வேண்டுமென்னும் ஆர்வம் அவர்களுட் பலர்க்கு உண்டாகியிருக்கின்றது. கற்றவர் கைத்தொழிலில் இறங்குதல் மிகவும் பாராட்டற்குரியதே. ஆயினும் அவர்கள் முதலிற் செய்யுங் காரியம் யாது? விளம்பரத்தைக் கண்டு ‘மிக்’ என்னும் வெல்டிங் யந்திரம் ஒன்றை வாங்கிவிடுகின்றனர். அதனால் என்ன செய்யலாம் என்பதைப் பின்னரே ஆராய்கின்றனர். இம்முறை தலைகீழானது என்பது நம் அபிப்பிராயம். செய்யக் கருதும் பொருள், செய்யும் இடம், வீட்டிற்கு வரும் மின்சாரம் ஆகிய இவற்றை முன்னர் ஆராய்ந்து, யந்திரத்தைக் கடைசியிலேயே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

மிக் முறையில், சுருளினின்று மெல்லிய கம்பி இடைவிடாது வந்து, மின்சாரத் தீப்பொறியில் உருகி, இரு இரும்புகளையும் ஒன்றாகப் பற்றவைக்கின்றது. உருகிய உலோகத்தைக் காற்றுத் தீண்டாதபடி ஒருவகை வாயு அதனைச் சூழ்ந்து காக்கின்றது. இம்முறை 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாட்டெல் ஆராய்ச்சிச் சாலையில் உருவாயிற்று. முதலில் விலையுயர்ந்த மந்த வாயுக்களையே பயன்படுத்தினர். 1953-இல் கரியமில வாயுவாலும் இரும்பைப் பற்றவைக்கலாம் என்பது வெளிப்பட்ட பின்னரே இது எளியோர் பட்டறைக்கும் எட்டுவதாயிற்று. நம் ஊர்ப் பட்டறைகளிற் பெரும்பாலும் காணப்படும் ‘ராடு’ முறையிலோ வாயு உருளை இல்லை. ராடின் மேற்பூச்சே எரிந்து புகையாகியும் கசடாகியும் உலோகத்தை மூடிக் காக்கின்றது.

இவ்வேறுபாட்டின் பயனை நாம் நூலிற் படித்தறியவில்லை, பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில், சாளுவன்குப்பத்திற்கு அருகிலுள்ள நண்பர் ஒருவர் வீட்டு முற்றத்தில், புதிய மிக் யந்திரத்தைக்கொண்டு வாயிற்கதவு ஒன்றைச் செய்தோம். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிய வேலை பொழுது சாய்வதற்குள் முடிந்தது. கதவைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் மேற்கீல் அற்றுக் கதவு முழுதும் சாய்ந்து வீழ்ந்தது. அக்கதவின்மேல் ஏறி நின்று ஆடுவது நண்பரின் குழந்தைகட்கு வழக்கம். அவ்வேளையில் அவர்கள் பள்ளியிலிருந்தமையால் தப்பினர். அற்ற இடத்தைப் பார்த்தபோது, உள்ளே கறையான் அரித்த பலகைபோல் நுண்துளைகள் நிறைந்திருந்தன. அவ்வூர்ப் பட்டறைக்காரரிடம் காட்டினோம். அவர் அதனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கேஸ் எல்லாம் காத்தோட போயிடுச்சு சார், கம்பி மட்டுந்தான் நின்னுருக்கு” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்திற்குமேற் காற்று வீசினாலே காக்கும் வாயு கலைந்துவிடும் என்பர் இத்துறை வல்லார். கோடையிற் பிற்பகல்தோறும் கடலிலிருந்து எழும் காற்று இவ்வளவிற்கு எளிதில் மேற்படும். ஆகவே கரையோரத்தில் வாயுவைக்கொண்டு மிக் வேலை செய்ய விரும்புவோர் மும்முகமும் சுவரடைத்த கொட்டகையைக் கட்டிக்கொள்ளல் வேண்டும்; அதிலும் கடற்காற்று எழுமுன் காலையிற் செய்வது நன்று. கொட்டகை கட்ட இயலாதவர்க்கு ராடு யந்திரமே போதும். வாயு வேண்டாத, உள்ளே மருந்தடைத்த கம்பி என்றொன்றும் உண்டு. அதனை இதே மிக் யந்திரத்தில் இடலாம். ஆனால் அதற்கு நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைத்தல் வேண்டும். இவ்வாறு மாற்றும் வசதி இல்லாத யந்திரங்களும் கடைகளில் உள. ஆதலின் இதனை முதலிற் கேட்டறிக.

அடுத்தது மின்சாரம். பெட்டியின்மேல் ‘200 ஆம்பியர்’ என்று பெரிய எழுத்திற் பொறித்திருப்பதைக் கண்டு மயங்குவோர் பலர். வீட்டுக் கதவிற்குரிய சதுரக் குழாயின் சுவர் பெரும்பாலும் 1.2 முதல் 2 மில்லிமீட்டர் கனமே உடையது. ஒரு மில்லிமீட்டர் கனத்திற்கு ஏறக்குறைய 40 ஆம்பியர் என்பது தொழிலாளர் கணக்கு. 3 மில்லிமீட்டர்ப் பட்டைக்கும் 120 ஆம்பியர் போதுமென்பது இதனாற் பெறப்படும். 200 ஆம்பியரில் வேலை செய்யும்போது பொறியில் மட்டுமே 4,800 வாட் செலவாகும். யந்திரத்தில் வீணாவதையும் கூட்டினால் 5,000-க்கு மிகும். நம் வீட்டிலுள்ள பெரிய பிளக்கோ 230 வோல்ட்டில் 16 ஆம்பியர், அதாவது 3,680 வாட் தாங்குவது. தாங்காத பிளக்கில் மாட்டினால் ஒயர் உருகித் தீப்பிடிக்கவுங் கூடும். பயன்படாத வலிமைக்குப் பொருள் கொடுப்பானேன்?

ஆம்பியரோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது ‘டியூட்டி சைக்கிள்’ என்னும் அளவு. பத்து நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் யந்திரம் ஓயாது உழைக்கும் என்பதை அது குறிக்கும். 30 சதவீதம் என்றால் மூன்று நிமிஷ வேலை, ஏழு நிமிஷ ஓய்வு. இவ்வளவு 40 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. செங்கற்பட்டில் அக்கினி நட்சத்திரத்தின்போது தகரக் கொட்டகைக்குள் அதனினும் மிகும்; ஓய்வும் அதற்கேற்ப மிகுதல் வேண்டும்.

இனி உப்பு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லிலேயே உப்பு ஊறுகின்றது. தொல்பொருள் துறையார் காகிதக் கூழை அப்பி அதனை உறிஞ்சியெடுக்கின்றனர். கல்லின் நிலை அதுவாயின், இரும்பின் நிலையைச் சொல்லவேண்டுமோ? அங்கங்கே பொட்டுவைத்தாற்போற் பற்றவைத்து விட்டால், இடையிலுள்ள சந்தில் உப்புநீர் தங்கி, வெளியே பூச்சு பளபளக்கையில் உள்ளே அரிக்கும். விளிம்பு முழுவதையும் இடைவெளியின்றிப் பற்றவைத்தல் வேண்டும். ராடு விடுங் கசடு பூச்சின் கீழிருந்தாலும் துரு அங்கே தொடங்கும். வாயுவோடு செய்யும் மிக் வேலையிற் கசடு ஏறக்குறைய இல்லை என்பது அதன் மெய்யான சிறப்பு. இதனை நாம் மறுக்கவில்லை.

‘மிக் முறை கற்பதற்கு எளிதாயிற்றே, மெல்லிய தகட்டிற்கும் ஏற்றதாயிற்றே’ என்று நண்பர் கூறுவர். கொட்டகைக்குள் மெல்லிய தகட்டு வேலையே மிகுதியாகச் செய்வோர்க்கு அஃது ஏற்றதே. ஆயின் எளிதிற் கற்கலாம் என்பதில் ஓர் அபாயமும் உண்டு. மிக் வேலையில், இரும்பினுள் ஊன்றாமலே மேலே அழகாகப் படிந்துவிடும் பற்றுகள் பல. வெளித்தோற்றத்தால் நம்மை ஏமாற்றுவன அவையே. துண்டு இரும்புகளைப் பற்றவைத்து, பட்டறைப் பிடியில் இறுக்கி, சம்மட்டியால் அடித்து வளைத்துப் பார்த்து, பற்று விடாதென்று உறுதிப்பட்ட பின்னரே வாயிற்கதவில் கைவைத்தல் வேண்டும். மிக்கிற்கும் ராடிற்கும் பொதுவாய், முனை மாற்றத்தக்கதாய், 150 ஆம்பியர் அளவில், உதிரிப்பாகங்கள் செங்கற்பட்டிலோ சென்னையிலோ கிடைப்பதாயுள்ள யந்திரம் ஒன்றே நம் இடத்திற்குச் சாலும் என்பது நம் கருத்து.

மிஞ்சும் பொருளை முகமூடிக்கும் தோற்கையுறைக்கும் நல்ல எர்த்திற்கும் செலவிடுக. வெறுங்கண்ணாற் பொறியைக் கண்டவர்க்குச் சில மணி நேரங் கழித்து, நள்ளிரவிலே, கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் வலி எடுக்கும். கடற்கரையில் மிகுதியாக வழங்கும் ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு எரிந்தெழும் புகை, அன்றிரவே குளிர்சுரம் தரும். பற்றவைக்கும் இடத்தில் அப்பூச்சைத் தேய்த்தெடுத்த பின்னரே தொடங்குதல் வேண்டும். வெல்டிங் புகை புற்றுநோயை விளைப்பதென்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 2017-இல் முடிவு செய்தனர். கொட்டகை காற்றைத் தடுப்பதாயினும், புகை வெளியேற ஒருபுறம் திறந்திருத்தல் இன்றியமையாதது.

இறுதியாக ஒன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பயிற்சி ஓராண்டுக் காலத்தது. எட்டாம் வகுப்புத் தேறியவரும் அதிற் சேரலாம். அங்ஙனம் பயின்று, நம் தெருமுனையிற் பட்டறை வைத்திருப்பவர்க்கு இக்கரையின் காற்றும் உப்பும் நன்கு தெரியும். பட்டம் பெற்ற நாம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க நாணி, விளம்பரத்தை நம்பினோம். அதனால் ஒரு கதவு வீழ்ந்தது. பொருள் கொடுக்குமுன் ஒரு சனிக்கிழமை அவர் பட்டறையிற் சென்று நின்று, வேலையைப் பார்த்து, அவர் இசைந்தால் நாலு துண்டு இரும்பைப் பற்றவைத்துப் பழகுங்கள். எந்த யந்திரம் வேண்டும் என்பது அதன்பின் உங்கட்கே புலப்படும்.