இரவில் அடைப்பது கொடுமையா?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். பழமொழி பூனையைப் பழிக்கிறது. ஆனால், "குட்டிகள் பத்திரமாகத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர்கள் நாம்தாம். நானும் அப்படித் தூங்கியவள் என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

தாயற்ற பூனைக்குட்டிகளை, ஒரு நல்ல வீடு கிடைக்கும் வரை சில வாரங்கள் வைத்துக் காப்பாற்றிக் கொடுக்கும் பழக்கம் நம் தோழியர் சிலரது இல்லங்களில் உண்டு. நல்ல பழக்கந்தான். (அவசரப்பட்டுத் தூக்கி வந்துவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கலாம். சில மணி நேரம் தள்ளி நின்று பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.) பகலில் இக்குட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டில் எல்லாரும் தாய்தான். இரவு விளக்கை அணைக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: எங்கே படுக்க வைப்பது?

சென்ற கார்த்திகை மாதத்து மழையில் எங்கள் வீட்டிற்கு மூன்று குட்டிகள் வந்தன. கண் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஓர் அட்டைப் பெட்டியில் பழந்துணி விரித்துப் படுக்க வைத்தோம். பாயில் படுத்தபடியே அவற்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பெட்டியின் ஒரு பக்கத்தை நான்கு விரற்கடை உயரம் மட்டும் விட்டு வெட்டிவிட்டேன். அம்மா வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. விடியற்காலையில் பால் புகட்ட எழுந்தபோது இரண்டுதான் இருந்தன. மூன்றாவது, சிமெண்டுத் தரையில் ஊர்ந்து சென்று அரிசி டிரம்முக்குப் பின்னால் சில்லிட்டுக் கிடந்தது. பதறிப்போய் அதன் வாயில் பாலை விட்டேன். அதுவும் தவறு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார். நண்பகலுக்குள் அது இறந்துவிட்டது.

பிறந்த மூன்று வாரங்கள் வரை பூனைக்குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே சரிவரக் காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் அது படுக்கும் இடம் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தோடு இருக்க வேண்டும். ஆகவே அந்த வயதில் அதற்கு வேண்டியது விசாலமான இடம் அன்று. உயர்ந்த பக்கங்களும் கதகதப்பும் உள்ள சிறிய பெட்டிதான். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்கலாம். சூடு மிகுந்தால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். மின்விளக்கைத் தொங்கவிடுவதை நான் ஏற்கமாட்டேன். துணியும் அட்டையும் உள்ள இடத்தில் எல்லாரும் உறங்கும் நேரத்தில் அது எரிய வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு பகை உண்டு. எறும்பு! பால் வாடை வீசும் குட்டியை எறும்பு விட்டு வைப்பதில்லை. இதற்காகப் பெட்டியைச் சுற்றி எறும்புப் பொடி தூவுவோரையும், பினாயில் தெளிப்போரையும், அந்துருண்டை போடுவோரையும் கண்டிருக்கிறேன். இவை மூன்றுமே பூனைக்கு நஞ்சு. நாய்க்கு அவ்வளவு தீங்கு செய்யாத மருந்துகளைக்கூடப் பூனையின் ஈரல் முறித்து வெளியேற்றாது. தாழ்ந்த பலகை ஒன்றின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய சிறு கிண்ணங்களில் நிறுத்தி, அதன்மேல் பெட்டியை வைத்தால் போதும். பாட்டி பலகாரப் பாத்திரத்தைக் காப்பாற்றும் அதே வழி.

நான்கு வாரம் ஆனதும் கதை மாறிவிடும். குட்டி ஏறத் தொடங்கும். அட்டைப் பெட்டி விளையாட்டுச் சாமானாகிவிடும். அப்போதுதான் கூரையுள்ள கூண்டு வேண்டும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைப்பது எளிதென்று பலர் நினைக்கிறார்கள். கோழிக்கு அது சரி. பூனைக்குட்டியோ தன் தலை நுழையும் சந்தில் உடம்பையும் நுழைக்கப் பார்க்கும். பாதி வழியில் சிக்கிக்கொண்டால் இரவில் அதன் குரல் யாருக்குக் கேட்கும்? அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையே சிறந்தது. மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் இருந்தால், ஒரு மூலையில் படுக்கையும் எதிர் மூலையில் மணல் தட்டும் வைக்க இடம் கிடைக்கும். உள்ளே நூல் பிரிந்த துணி, ரிப்பன், ரப்பர் வளையம், கழுத்துப் பட்டை எதுவும் வேண்டாம். கண்கண்ணாக நூல் நிற்கும் பூந்துவாலையில்கூட நகம் மாட்டிக்கொள்ளும். மருத்துவரிடம் எடுத்துச் செல்லும் சிறு கூடையிலேயே இரவெல்லாம் அடைத்து வைப்பது சோம்பல் என்றே சொல்வேன்.

"வாயில்லாச் சீவனை அடைத்து வைப்பது பாவமில்லையா?" என்று என் தோழியர் சிலர் கேட்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், நன்றாக அசைந்து நடமாட இடமில்லாத கூண்டில் ஒரு விலங்கை வைப்பதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டம் கேட்பது கூண்டின் நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும். எனக்கும் அதுதான் சரியான கேள்வியாகப் படுகிறது. பகலெல்லாம் ஓடியாடிய குட்டி, ஆறேழு மணி நேரம் வயிறு நிறைந்து ஒன்றையொன்று அணைத்துத் தூங்குவதில் என்ன கொடுமை? கதவிடுக்கும், நாயும், பெருச்சாளியும், கடுவன் பூனையும் உள்ள இருட்டில் அதை விட்டுவிடுவதற்குச் சுதந்திரம் என்று பெயரிடுவதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. தம்மோடு பாயில் படுக்க வைத்துக்கொள்ளும் அன்பும் ஆபத்தே. தூக்கத்தில் புரள்வது நமக்குத் தெரிவதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கீறினாலும் கடித்தாலும் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கீறல் சிறிதென்று விட்டுவிட வேண்டாம்.

எஞ்சிய இரண்டு குட்டிகளும் ஒன்பதாவது வாரத்தில் ஒரே வீட்டிற்குப் போய்ச் சேர்ந்தன. கூண்டைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறோம். தேவைப்படும் தோழியர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொக்கி மட்டும் சற்று இறுக்கம். தூக்கிவிட்டுத் தள்ள வேண்டும்.