விளையாட்டு நின்ற ஆண்டுக்கு ஈடு என்ன?

கொரோனா காலத்தில் மாணவர்கள் இழந்தவற்றில் சிலவற்றுக்கு அரசு ஈடு தந்தது. 2020 ஜூலையில், கல்லூரி முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் பருவத் தேர்வு எழுதாமலே அடுத்த ஆண்டுக்குச் செல்லலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. 2021-இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானபோது, முந்தைய வகுப்புகளின் மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அரசுப் பணிக்குக் காத்திருந்தவர்களுக்காக, நேரடி நியமனத்துக்கான வயது வரம்பு அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு ஆண்டுகள் உயர்த்தப்பட்டது. எல்லாமே நியாயமான முடிவுகள்.

ஆனால், அந்த இரண்டு ஆண்டுகளில் ஓட வேண்டிய ஓட்டத்தையும் ஆட வேண்டிய ஆட்டத்தையும் இழந்த கல்லூரி மாணவர்களின் கணக்கு என்ன ஆயிற்று? அவர்களுக்கு மதிப்பெண்ணைப் போல வெற்றியைக் கணக்கிட்டுத் தர முடியாது. களத்தில் இறங்கினால்தான் உண்டு.

பல்கலைக்கழக மாணவர்களுக்கான முதல் கேலோ இந்தியா போட்டி 2020 பிப்ரவரி 22-இல் புவனேஸ்வரில் தொடங்கி மார்ச் 1-இல் முடிந்தது. அந்த மாதமே கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொதுமுடக்கம். அடுத்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி பெங்களூருவில் 2022 ஏப்ரல் 24-இல்தான் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இளங்கலைப் படிப்போ மூன்றே ஆண்டுதான். 2019 ஜூனில் சேர்ந்த மாணவி, முதலாண்டில் கல்லூரி மைதானத்தைப் பழகிக்கொண்டிருப்பார். கல்லூரி அணியிலிருந்து பல்கலைக்கழக அணிக்குப் போக வேண்டிய இரண்டாமாண்டு, வீட்டுக்குள் கழிந்தது. மூன்றாமாண்டும் பாதி போன பிறகே ஆட்டங்கள் மெல்லத் திரும்பின. அதற்குள் அவர் படிப்பு முடிந்துவிட்டது.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். வைரஸ் சாதி பார்க்கவில்லை என்பது சரி. ஆனால், அது மூடிய கதவுகள் எல்லோருக்கும் ஒரே கதவுகள் அல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே தனியார் பயிற்சி மையம் உண்டு. கல்லூரி மூடினாலும் மொட்டை மாடியும் சத்தான சாப்பாடும் இருக்கும். காலனியில் வளரும் பிள்ளைக்குச் சொந்தமென்று ஒரு மைதானம் கிடையாது. ஊர்ப் பொட்டலில் கால் வைக்கவே தயங்க வேண்டிய கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. அளவெடுத்துக் கோடு போட்ட ஓடுதளத்தையும், தன் பெயரைச் சொல்லி அழைக்கும் உடற்கல்வி இயக்குநரையும், மூன்று வேளைச் சோற்றையும் அந்தப் பிள்ளை முதன்முதலாகப் பார்ப்பது கல்லூரியில்தான். அது மூடினால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

விடுதி என்ன செய்யும் என்பதற்கு மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி சாட்சி. பெற்றோரை இழந்த அவரைக் கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி. ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியவர் அவர். பயிற்சியாளர் கண்ணனின் முயற்சியால் லேடி டோக் கல்லூரியிலும் விடுதியிலும் இடம் கிடைத்தது. அந்த ஓட்டம் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரை போனது. 2020 மார்ச்சில் கல்லூரி வாசலில் நின்றுகொண்டிருந்த அடுத்த ரேவதிகள் எங்கே போனார்கள்? நூறு நாள் வேலைக்கும், கரும்பு வெட்டுக்கும், செங்கல் சூளைக்கும் போனவர்களை நம் கிராமங்களில் விசாரித்தால் தெரியும்.

விளையாட்டு நமக்குப் பதக்கத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசிலும் திறமையான வீரர்களை நேரடியாக நியமிக்க வழி இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கும் அதில் தகுதி உண்டு. ஒரு போட்டிச் சான்றிதழ், நிலமில்லாத குடும்பத்தின் முதல் அரசு வேலையாக மாறலாம். அந்த ஆண்டு போட்டி இல்லையென்றால் சான்றிதழும் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 2020 மார்ச் 12-இல் எஞ்சியிருந்த சாம்பியன்ஷிப் போட்டிகளை ரத்து செய்தது. மார்ச் 30-ஆம் தேதியே, வசந்தகாலப் போட்டிகளை இழந்த முதல் பிரிவு மாணவர்கள் இன்னும் ஓர் ஆண்டு ஆடலாம் என்று முடிவெடுத்தது. பதினெட்டு நாளில் முடிவு. கூடுதல் ஆண்டுக்காகத் தங்குபவர்களால் புதியவர்களின் இடம் போகாமலிருக்க, அணிகளில் உதவித்தொகை பெறுவோரின் எண்ணிக்கை வரம்பையும் தளர்த்தினார்கள். ஆனால், ஒரு குறை வைத்தார்கள். இறுதியாண்டை முடித்துவிட்டுத் திரும்பி வருபவருக்குப் பழைய அளவு உதவித்தொகையைக் கொடுப்பதா, குறைப்பதா, கொடுக்காமலே விடுவதா என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்யலாம் என்றார்கள். அதாவது, ஆட அனுமதி உண்டு; செலவுக்குப் பணம் உறுதியில்லை. பணமுள்ளவர் தங்கலாம், இல்லாதவர் மூட்டை கட்ட வேண்டும்.

நமக்கான பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வயது வரம்பைத் தளர்த்தினால் மட்டும் போதாது. பல்கலைக்கழக அணியில் ஆட வேண்டுமானால் ஏதாவது ஒரு படிப்பில் மாணவராக இருக்க வேண்டும். இழந்த ஆண்டை மீட்க இன்னொரு படிப்பில் சேர்ந்தால், அது முடித்த படிப்புக்குச் சமமான நிலையில் இருக்கும்பட்சத்தில், பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்காது. விதி அப்படி. உதவித்தொகை இல்லாமல், விடுதி இல்லாமல், ஓர் ஆண்டு 'சலுகை' கொடுப்பது, இலை போட்டுச் சோறு போடாத விருந்து.

இன்னொரு பெருந்தொற்றோ பெருவெள்ளமோ வந்து கல்லூரிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டால் என்ன செய்வது என்பதை அரசு இப்போதே ஆணையாக எழுதி வைக்க வேண்டும். முதலாவது, விடுதி மூடும் நாளிலிருந்து உணவுப் படி விளையாட்டு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். முடக்க காலத்தில் சத்துணவு மாணவர்களுக்கு அரிசியும் பருப்பும் கையில் கொடுத்த அரசுக்கு இது புதிதல்ல. இரண்டாவது, போட்டி ரத்தானால் அதுவரை நடந்த தேர்வுப் போட்டிகளின் முடிவையும் அணிப் பட்டியலையும் பல்கலைக்கழகம் எழுத்தில் பதிவு செய்து, மாணவருக்கு நகல் தர வேண்டும். மூன்றாவது, இழந்த ஆண்டை மீட்கக் கல்லூரிக்குத் திரும்பும் விளையாட்டு மாணவருக்கு உதவித்தொகையும் விடுதி இடமும் அந்த ஓர் ஆண்டுக்குத் தொடர வேண்டும். நான்காவது, திரும்பி வருபவர் கூடுதல் இடத்தில் சேர்க்கப்பட வேண்டும். இளையவரின் இடத்தைத் தொடக் கூடாது. வீரர்களுக்கு உதவ 2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை நம்மிடம் இருக்கிறது. அதன் நிதி வென்றவர்களோடு நின்றுவிடாமல், வெல்லும் வாய்ப்பே பறிபோனவர்களுக்கும் வர வேண்டும்.

இந்தக் கோரிக்கை எல்லாச் சாதி ஏழை மாணவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் விளையாட்டில் சாதி இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்ற அன்று, ஹரித்வாரில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் கூடிச் சாதியைச் சொல்லி ஏசியதாக வழக்குப் பதிவானது. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் கோல் அடித்த முதல் இந்தியப் பெண்ணுக்கே அந்த நிலை என்றால், கல்லூரி அணியில் இடம் தேடும் காலனிப் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் உடனுக்குடன் கேட்டு வாங்குங்கள். அணிப் பட்டியலில் உங்கள் பெயர் வந்தால் நகல் எடுத்து வையுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடுங்கள். ஆடியதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால்தான், இழந்ததையும் உரிமையோடு கேட்க முடியும்.