முப்பது வயதுக்கு மேல் கடை வைக்க வருகிறவர்கள்

நம் மொத்தக் கடைகளுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புதுவகை வாடிக்கையாளர் வந்துகொண்டிருக்கிறார். அவர் கையில் எண்ணெய்க்கறை படிந்த சிட்டை இருக்காது. செல்போனில் பட்டியல் எழுதி வைத்திருப்பார். வயது முப்பத்து மூன்று, முப்பத்தேழு என்று இருக்கும். நேற்று வரை ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகவோ, ஏதோ ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகவோ, வளைகுடா நாட்டில் டிரைவராகவோ இருந்திருப்பார். "அண்ணாச்சி, வேலையை விட்டாச்சு. மளிகைக் கடை வைக்கலாம்னு இருக்கேன். முதல் சரக்கு நீங்கதான் போட்டுத் தரணும்" என்பார்.

நமக்கும் மகிழ்ச்சிதான். புது வாடிக்கை, அதுவும் கையில் ரொக்கத்தோடு வருகிற வாடிக்கை. நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, பட்டியலைப் பெரிதாக்கி அனுப்பிவைக்கிறோம். அவர் கடை ஒன்றரை வருடத்தில் மூடப்பட்டால், "பாவம், அனுபவம் இல்லாதவர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். இது சரிதானா என்பதை நம் சங்க உறுப்பினர்கள், குறிப்பாக மொத்த வியாபாரிகள், சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாம் செய்த தவறு

ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் நம் கணக்கை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது எல்லாத் தொழிலும் படுத்துவிட்டது. திறந்திருக்க அனுமதிக்கப்பட்ட சில கடைகளில் மளிகைக் கடையும் ஒன்று. அதைப் பார்த்த பலருக்கு, "எது நின்றாலும் மளிகை நிற்காது" என்ற எண்ணம் மனதில் விழுந்துவிட்டது. அப்படி எண்ணி வந்தவர்களில் ஒருவருக்கு வயது 36. சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். வேலை போய், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சொந்த ஊருக்கே வந்துவிட்டார். கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் இரண்டரை லட்சம், மனைவியின் நகையை அடகு வைத்தது இரண்டு லட்சம், மாமனார் கொடுத்தது ஒரு லட்சம். 2021 தை மாதம் கடை திறந்தார்.

முதல் சரக்கு நம் கடையில்தான் போட்டார். 1,80,000 ரூபாய், முழுவதும் ரொக்கம். அவர் கொடுத்த பட்டியல் அவ்வளவு இல்லை. மீதியை நாம் சேர்த்தோம். நம் கிடங்கில் ஆறு மாதமாக நகராமல் கிடந்த ஊதுபத்தி, விலை கூடிய சேமியா, தேதி முடிய நான்கு மாதமே இருந்த சாஸ் பாட்டில், ஒரு கிலோ அட்டைப்பெட்டியில் வந்த மசாலா எல்லாவற்றையும், "எதற்கும் இருக்கட்டும் தம்பி, கடை நிறைந்து தெரிய வேண்டாமா" என்று சொல்லி ஏற்றிவிட்டோம். அவர் கடை இருந்த தெருவில் குடியிருந்தவர்கள் தினக்கூலிக்காரர்கள். நூறு கிராம் பருப்பும், ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் கேட்கிற இடம். அது நமக்குத் தெரியும். ஆனால் நாம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு 70,000 வரை கடனிலும் சரக்குப் போட்டோம். பதினைந்தாம் மாதம் அவர் ஒரு ஆட்டோவில் ஐந்து பெட்டிகளோடு வந்து இறங்கினார். கெடாததைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். மீதிப் பாக்கியை அவர் யாரோ ஒருவருடைய லோடு வண்டியை ஓட்டி, இருபது மாதத்தில் ஒரு ரூபாய் குறையாமல் கட்டினார். கடைசித் தவணையைக் கொடுத்த அன்று அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, சரக்குக் கொடுத்தீங்க, கடனும் கொடுத்தீங்க. இது உன் தெருவுல ஓடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அந்தத் தவணைக்கு ரசீது எழுதும்போது நம் கை சற்று நடுங்கியது உண்மை.

சம்பளக் கணக்கும் கடைக் கணக்கும்

வேலையில் இருந்தவருக்குத் தெரிந்த கணக்கு, மாதம் முடிந்தால் பணம் வரும் என்பது. கடைக்கணக்கு வேறு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. கல்லாவில் விழுகிற பணம் முழுவதும் தன் பணம் என்று எண்ணிவிடுகிறார்.

ஒரு சிறு கடையில் நாளொன்றுக்கு 8,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளும் திறந்தால் மாதம் 2,40,000. எண்ணெய், சர்க்கரையில் கிடைப்பது குறைவு, மசாலா, பலசரக்கில் கிடைப்பது கூடுதல். மொத்தத்தில் பத்து சதம் நிற்கிறது என்றால் 24,000. இதில் வாடகை 8,000, மின்சாரம் 2,000, வண்டிக் கூலி 1,500, சேதாரமும் பைச் செலவும் 1,500. ஆக 13,000 போனால் கையில் நிற்பது 11,000. இன்னும் அடகு வட்டி கட்டவில்லை. வீட்டுக்கு எடுத்த அரிசி, பருப்பை எழுதவில்லை. பற்று நோட்டில் தூங்குகிற பாக்கியைக் கழிக்கவில்லை.

வேலையில் 25,000 வாங்கியவர் அதே வருமானத்தைக் கடையில் பார்க்க வேண்டுமானால், இதே செலவில் மாதம் 3,80,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதாவது ஒரு நாளுக்குப் பன்னிரண்டாயிரத்து எழுநூறு. காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை நின்று அதை எட்டுகிற தெரு இருக்கிறது, எட்டாத தெருவும் இருக்கிறது. எது எந்தத் தெரு என்பது கடை வைக்க வருகிறவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

வரியும் அப்படியே. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி வந்தபின், இணக்க முறையில் ஒரு சதம் கட்டுகிறவர் பில்லில் தனியாக வரி வாங்கக் கூடாது என்பது கூட பலருக்குத் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் முதலியவற்றுக்கு வரி 18 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைந்தபோது, பழைய விலை அச்சிட்ட சரக்கை நிறைய அடுக்கி வைத்திருந்தவர்கள் எவ்வளவு குழம்பினார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். பழகிய வியாபாரியே தடுமாறினால், வந்து மூன்று மாதம் ஆனவர் என்ன செய்வார்?

நமக்குக் கிடைத்த பாடம்

நாமும் பிறந்ததிலிருந்தே கல்லாவில் உட்கார்ந்தவரல்ல. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு பஞ்சாலையில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தோம். 1993ல் ஆலை மூடியபோது நமக்கு வயது 32. சித்தப்பா மதுரை கீழமாசி வீதியில் பருப்பு, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்துவந்தார். ஆலைப் பணத்தை அவர் முன் வைத்து, "தனியாக ஒரு கடை போடுகிறேன்" என்றோம். அவர் பணத்தைத் தொடவில்லை. "இதை பாங்க்ல போடுப்பா. ஒரு வருஷம் இங்க நில்லு. கல்லாப் பக்கம் வராதே" என்றார்.

முதல் மூன்று மாதம் சாக்கு தைப்பதும் கிடங்கு கூட்டுவதும்தான் வேலை. முப்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பதினாறு வயதுப் பையனோடு சேர்ந்து மூட்டை அடுக்குவது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கேதான் துவரம்பருப்பில் புதுசு எது, பழசு எது என்று கையால் தெரிந்தது. வத்தலை மழைக்காலத்தில் வாங்கினால் எடை எப்படி விழும், எந்தக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை பணம் கொடுப்பார், எவர் "அடுத்த வாரம்" என்பார் என்பதெல்லாம் அங்கேதான் படித்தோம். ஆலைப் பணம் அந்த ஒரு வருடமும் பாங்கில் பத்திரமாக இருந்தது. அன்று சித்தப்பா சரக்கைக் கடனாகத் தந்திருந்தால் இன்று இதை எழுதுகிற இடத்தில் நாம் இருந்திருக்க மாட்டோம்.

2023ல் இன்னொருவர் வந்தார். வயது 38. வளைகுடாவிலிருந்து திரும்பியவர். இம்முறை நாம் பட்டியலை வாங்கவில்லை. நம்மிடம் வாங்குகிற ஒரு சில்லறைக் கடைக்காரரிடம் சொல்லி, நான்கு மாதம் அந்தக் கடையில் நிற்க வைத்தோம். மனைவியும் வாரம் இரண்டு நாள் வந்து பார்த்தார். நான்காம் மாத முடிவில் இருவரும் வந்து, "அண்ணாச்சி, இவ்வளவு நேரம் நிற்க எங்களால் முடியாது. சொந்தமா ஒரு வண்டி வாங்கி ஓட்டறோம்" என்றார்கள். நமக்கு ஒரு வாடிக்கை போயிற்று. அவர் கொண்டுவந்த முதலில் ஒரு ரூபாய் கூட போகவில்லை. இப்போது நம் சரக்கையே வாரம் மூன்று நடை ஏற்றிப்போகிறார். கடை வைக்காமல் போனவரையும் நாம் காப்பாற்றியவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

முப்பது தாண்டினால் முடியாதா?

அப்படிச் சொல்ல நாம் வரவில்லை. நம் தென் மாவட்டத்தில் வ.உ.சிதம்பரனார் வழக்கறிஞராக இருந்தவர். 1872ல் பிறந்தவர், 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 34. வக்கீல் கப்பல் முதலாளி ஆனார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டி போட்டது. அரசாங்கமும் அவரைச் சிறைக்கு அனுப்பியது. அந்தக் கம்பெனி நிலைக்காததற்கு அவர் வயது காரணமல்ல. அது எழுந்ததற்குக் காரணம், அவருக்குப் பின்னால் பங்கு வாங்கி நின்ற வணிகர்களும் பெரியவர்களும். முப்பது வயதில் தொழில் மாறுகிறவருக்குத் துணிச்சல் இருக்கும். பக்கத்தில் நிற்க, தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் நாம்தான்.

மேலும், இந்த வயதில் வருகிறவரிடம் நம் பிள்ளைகளிடம் இல்லாத சில நல்ல பழக்கங்களும் உண்டு. நேரத்துக்கு வருவார், எழுதி வைப்பார், வாக்குச் சொன்னால் காப்பாற்றுவார். நமக்குக் கடைசி ரூபாய் வரை கட்டியவரை விடவா சாட்சி வேண்டும்?

செய்ய வேண்டியவை

சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: புதிதாகக் கடை வைக்க வருகிறவரை மூன்று மாதமாவது நிற்க வைத்துப் பழக்கிவிட இசைகிற உறுப்பினர் கடைகளின் பட்டியல் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும். வருகிறவருக்குக் கைச்செலவுக்கு ஏதாவது கொடுத்தால் போதும். "நமக்கே போட்டி ஆகிவிடுவாரே" என்று அஞ்ச வேண்டாம். பக்கத்துத் தெருவில் கடை வைப்பதில்லை என்று முன்பே பேசிக்கொள்ளலாம்.

இரண்டு: முதல் சரக்குப் போடுகிற மொத்த வியாபாரி, கிடங்கில் தேங்கியதைப் புதியவர் தலையில் கட்டக் கூடாது. அவர் கடை இருக்கிற தெருவை ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பிரிக்காத பெட்டியை ஒரு மாதத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆறு மாதம் கடன் கொடுக்காமலிருப்பதே அவருக்குச் செய்கிற பெரிய உதவி. பாங்கில் முத்ரா கடன் கிடைக்கிறதே என்பார்கள். 2015 முதல் அந்தத் திட்டம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் தொழில் பழகுமுன் வாங்குகிற கடன் யாருடையதானாலும் கடன்தான்.

மூன்று: நம் கடைகளிலேயே பதினைந்து, இருபது வருடம் நின்று முப்பத்தைந்து வயதாகிவிட்ட தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் பழக்கம் இருக்கிறது, முதல் இல்லை. வெளியிலிருந்து வருகிறவரிடம் முதல் இருக்கிறது, பழக்கம் இல்லை. இந்த இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? கூட்டு என்றால் பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தில் எழுதி, இரண்டு பெரியவர்கள் முன் கையெழுத்துப் போடச் செய்தால் பாதி வழக்கு வராது.

வேலையை விட்டுவிட்டு வருகிறவர் கொண்டுவருகிற பணம் வெறும் முதல் அல்ல. அதில் பத்துப் பதினைந்து வருட உழைப்பும், ஒரு பெண்ணின் கழுத்து நகையும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கின்றன. அடுத்த முறை அப்படி ஒருவர் நம் கடைப்படி ஏறினால், பட்டியலை வாங்குமுன் "தம்பி, உன் கடை எந்தத் தெருவில்?" என்று கேட்போம். அந்த ஒரு வார்த்தையை 2021ல் நாம் கேட்கத் தவறினோம். நம் உறுப்பினர்கள் யாரும் தவற வேண்டாம்.