பணியாளர்கள் பின்பக்க லிஃப்டைப் பயன்படுத்தவும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குகிறவர் நான்கு சுவர்களை மட்டும் வாங்குவதில்லை. மனையில் பிரிபடாத பங்கோடு மாடிப்படி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எல்லாவற்றிலும் அவருக்குப் பாத்தியதை வருகிறது. இந்தப் பொதுச் சொத்தைப் பராமரிக்க ஒரு சங்கம், சங்கத்தை நடத்தத் துணைவிதிகள். தமிழ்நாட்டில் இதற்கென 1994-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்ற பகுதிதான் அதில் அதிகம் பேசப்பட்டது. ரியல் எஸ்டேட் காதில் விழுந்ததும் அதுதான். இடிக்கும்வரை அதற்குள் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்ற பேச்சு பெரிதாக எழவில்லை.

துணைவிதி பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்தில் வாங்கிய நகல், பெயர் மட்டும் மாறியிருக்கும். குடியிருப்பின் உண்மையான விதிகள் வாட்ஸ்அப் குழுவில் பிறந்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெயர் சூட்டப்படுகின்றன. கோரம் இல்லை என்று அரைமணி நேரம் கூட்டத்தை ஒத்திவைத்து, வந்த அதே பத்துப் பேர் மீண்டும் உட்கார்ந்து முடிவெடுப்பது வழக்கம். பார்க்கிங், பேச்சிலர்களுக்கு வாடகை, விருந்தாளி கார், நாய். (நாய் வளர்க்கத் தடை போடும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது என்று விலங்குகள் நல வாரியம் சொல்லிவிட்டதால், அந்தச் சண்டை மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.) வாடகைக்கு இருப்பவர் சங்க உறுப்பினர் அல்ல. வாட்ச்மேனும், தோட்டக்காரரும், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதோடு சரி. எந்த விதி யார் தலையில் விடிகிறதோ, அவர் அந்த அறையில் இருப்பதில்லை.

அப்படிப் பிறந்த விதிதான் லிஃப்ட் வாசலில் ஒட்டப்படும் அறிவிப்பு. 2023-இல் ஐதராபாத் குடியிருப்பு ஒன்றில், வேலையாட்களும் டெலிவரி பையன்களும் முதன்மை லிஃப்டில் ஏறினால் 1,000 ரூபாய் அபராதம் என்று ஒட்டிய காகிதத்தின் படம் நாடு முழுவதும் சுற்றியது. பலரும் கண்டித்தார்கள். கண்டித்துவிட்டுத் தங்கள் குடியிருப்பில் அபராதம் இல்லாத அதே அறிவிப்பைக் கடந்து லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். சென்னைப் புறநகர்களில் அதன் வாசகம் மட்டும் பணிவாக இருக்கும்: ‘அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’

முன்பக்க லிஃப்டில் கண்ணாடி, ஃபேன், மிதியடி. பின்பக்கத்தில் சிராய்ப்பு விழாமல் இருக்க அடித்த பிளைவுட் பலகை, காலையில் இறங்கிய குப்பைத் தொட்டியின் ஈரம். சாமானும் குப்பையும் போவதற்கென்று கட்டிய லிஃப்ட் அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கணக்கில் ஆளையும் சேர்க்கும்போதுதான் கோளாறு. அது பழுதாகிக் கிடக்கிற நாளில் அறிவிப்பைக் கழற்றுவதில்லை. ஒன்பதாவது மாடிக்குப் படியேறிப் போய்ச் சேரும் அம்மாவிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘ஏன் லேட்?’

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. சுத்தம் என்கிறார்கள், சப்பாத்தி மாவு பிசைவதும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அதே கைகள். பாதுகாப்பு என்கிறார்கள், வீட்டுச் சாவியே அவரிடம்தான் இருக்கிறது. நெரிசல் என்பது மட்டும் நியாயமான காரணம். ஆனால் நெரிசலுக்கு நேரத்தை வைத்து விதி போடலாம், எல்லாருக்கும் பொதுவாக. ஆளின் தொழிலை வைத்துப் போட்டால் அது நெரிசலைப் பற்றிய விதி அல்ல. எஜமானருடன் வரும் நாய்க்கு முன்பக்க லிஃப்ட் கிடைத்துவிட்டது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நாய்க்குப் பேச ஒரு வாரியம் இருந்தது. தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கும் 2007 முதல் ஒரு நல வாரியம் உண்டு. லிஃப்ட் அதன் கண்ணில் இன்னும் படவில்லை போலும்.

கூடி வாழ்கிறவர்கள் வேலி போட்டுக்கொள்வதைச் சட்டம் எப்போதும் தடுத்ததில்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று துணைவிதி வைத்திருந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், அந்த விதி செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேர் எதிர்த்திசையில் போனது தமிழ்நாட்டின் சமத்துவபுரம். 1997-இல் கலைஞர் அரசு அறிவித்த திட்டம். முதலாவது மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் அமைந்தது. ஊருக்கு 100 வீடு: தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாருக்கும் ஒரே சுடுகாடு. விதியை எழுதியது அரசு, குடியிருப்பவர்கள் அல்ல. அது அந்தத் திட்டத்தின் பலவீனம். பின்னாளில் பல ஊர்களில் பராமரிப்பும் கைவிடப்பட்டது. இருந்தாலும் யாரை உள்ளே அழைப்பது என்று யோசித்து எழுதிய விதி அது. கேட்டெட் கம்யூனிட்டிகளின் துணைவிதிப் புத்தகத்தைப் புரட்டினால் அந்த வகையில் ஒரு வரி தேறுவது கடினம்.

லிஃப்டில் ஏறக் கூடாத ஆளை எங்கே இறங்கச் சொல்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களில் தொட்டி நிரம்பினால் செக்ரட்டரி ‘ஒரு ஆளைக் கூப்பிடுகிறார்’. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சிக்கு மட்டுமல்ல, வேலைக்கு அழைக்கும் எந்தத் தனி நபருக்கும் இது பொருந்தும்; ‘கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்’ என்று கை கழுவ முடியாது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் வகுத்த இழப்பீட்டை, உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. விஷவாயு தாக்கி இறந்தார் என்ற செய்தி அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

துணைவிதியில் இதற்கு இரண்டு வரி போதும். கழிவை உறிஞ்சும் லாரி வராமல் தொட்டியின் மூடி திறக்கப்படாது. அடைப்பு எடுபடாவிட்டால் இன்னொரு இயந்திரம் வரும்வரை குடியிருப்பவர்கள் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். லாரிக்கு ஆகும் தொகையை ஃபிளாட் எண்ணிக்கையால் வகுத்து மெயின்டனன்ஸில் சேர்த்துவிடலாம். தீபாவளிக்குக் கட்டடம் முழுக்கச் சீரியல் விளக்கு போடும்போது அப்படித்தான் சேர்க்கிறார்கள்.