"போய்விடுவோம்" என்று ஒரு கடிதம்

குமாஸ்தா உத்தியோகத்தில் நான் அதிகம் படித்த வரி எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: "சலுகையை நீட்டித்துத் தராவிட்டால் நாங்கள் வேறு மாநிலத்துக்குப் போக நேரிடும்." தொழிற்சாலைகளிலிருந்து வரும் கடிதங்களில் கடைசிப் பத்தியில் அது தவறாமல் இருக்கும். எங்கள் புதுச்சேரியில் கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாடு வந்துவிடும். ஆகவே அந்த வரிக்கு ஒரு மரியாதை உண்டு. நானும் அதற்கு அடிக்கோடு போட்டு ஃபைலை மேலே அனுப்பிவைப்பேன்.

அமெரிக்காவில் துப்பாக்கிக் கம்பெனிகள் மாநிலம் விட்டு மாநிலம் போவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடிதங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகள் எல்லாம் ஆறு, ஏழு வயதுக்காரர்கள். அடுத்த சில மாதங்களுக்குள் கனெக்டிகட், நியூயார்க், மேரிலாந்து, கொலராடோ மாநிலங்கள் சட்டத்தை இறுக்கின. உடனே கடிதங்கள் கிளம்பிவிட்டன. கனெக்டிகட்டில் இருந்த பி.டி.ஆர். கம்பெனி தென் கரோலினாவுக்குப் போனது. தோட்டா அடுக்கும் மேகசின் தயாரிக்கும் மேக்புல், கொலராடோவை விட்டு வயோமிங்குக்கும் டெக்சாசுக்கும் போனது. 1526 முதல் துப்பாக்கி செய்துவரும் இத்தாலியக் குடும்பத்தின் பெரெட்டா, மேரிலாந்தில் இருந்த உற்பத்தியை டென்னசிக்கு மாற்றியது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் நெடுங்காலமாக வேரூன்றிய ஸ்மித் அண்ட் வெசன், 2021இல் தலைமையகத்தை டென்னசிக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. இதில் வேடிக்கை, அவர்கள் காரணம் காட்டிய தடை அப்போது வெறும் மசோதாதான், சட்டமாகவே ஆகவில்லை.

கம்பெனிக்காரர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. "நாங்கள் செய்யும் பொருளை எங்கள் ஊர்க்காரனே வாங்கக்கூடாது என்கிற இடத்தில் எதற்கு வரி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?" என்கிறார்கள். ரோஷம் புரிகிறது. ஆனால் கனெக்டிகட் சட்டம் வெளிமாநிலத்தில் விற்பதற்காகத் தயாரிப்பதைத் தடுக்கவில்லை. கோல்ட் கம்பெனி இன்றும் அங்கேதான் இருக்கிறது. போனவர்களுக்கோ புது இடத்தில் நிலமும் அரசாங்க உதவியும் குறைந்த வரியும் காத்திருந்தன. சட்டத்தின் மேல் கோபம் உண்மைதான். கணக்கும் கூடவே இருந்தது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். புதுச்சேரி வகுப்பறையில் உட்கார்ந்து பிரான்சின் பூகோளத்தை மனப்பாடம் செய்தோம். செந்த்-எத்தியேன் என்றால் நிலக்கரி, ரிப்பன், சைக்கிள், துப்பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். புரட்சிக் காலத்தில் அந்த ஊருக்கு 'ஆயுத நகரம்' என்று பொருள்படும்படி பெயரே மாற்றினார்கள். அங்கே இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. இப்போது பிரெஞ்சு ராணுவம் வாங்குவது ஜெர்மன் துப்பாக்கி. அந்தத் தொழிற்சாலையைத் துரத்தியது எந்தக் கடுமையான சட்டமும் இல்லை. கட்டுப்படியாகாவிட்டால் அரசாங்கத் தொழிற்சாலையே போய்விடுகிறது. அப்படியிருக்க, தனியார் கம்பெனி போகக்கூடாது என்பதற்காகச் சட்டத்தைத் தளர்த்தினால் மட்டும் நிரந்தரமாக இருந்துவிடுமா?

வரிச்சலுகை விஷயத்தில் பேரம் பேசலாம், பணம் சம்பந்தப்பட்டது. இரண்டு வருஷம் கூடக் கொடுக்கலாம், குறைத்தும் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் இறந்த குழந்தைகளை நினைத்துப் போட்ட சட்டத்துக்குப் பேரம் கூடாது. "போய்விடுவோம்" என்கிற வரிக்கு அங்கே யாரும் அடிக்கோடு போடக்கூடாது என்பது என் கட்சி.

அதற்காகத் தொழிலாளியை மறந்துவிடலாமா? நியூயார்க் மாநிலத்தில் இலியன் என்று ஒரு சின்ன ஊர். 1816இல் ரெமிங்டன் தொழில் தொடங்கியது அந்த வட்டாரத்தில்தான். இரண்டு முறை திவாலாகி, கை மாறி, கடைசியில் 2024 மார்ச்சில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை ஜார்ஜியாவுக்குப் போனது. அப்போது மிச்சமிருந்தவர்கள் ஏறக்குறைய 270 பேர். அப்பன், பாட்டன் என்று தலைமுறை தலைமுறையாக அங்கேயே வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. முதலாளி எல்லை தாண்டுகிறார். துப்பாக்கியும் காரின் டிக்கியில் ஏறி, சட்டம் தளர்ந்த மாநிலத்திலிருந்து இறுக்கமான மாநிலத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. வீட்டுக்கடனும் வயதான தாயாரும் உள்ள தொழிலாளிதான் இருந்த இடத்திலேயே நிற்கிறான்.

ஆகவே சட்டம் போடுகிற மாநிலம் அந்தத் தொழிலாளிக்கு வேறு வேலையும் பயிற்சியும் என்ன என்பதை அதே கையோடு எழுதிவைக்க வேண்டும். சலுகை வாங்கிய கம்பெனி ஓடினால் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேல், நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும். 1994 முதல் 2004 வரை அப்படி ஒன்று இருந்தது. அதில் ஓட்டைகள் நிறைய. ஆனாலும் அதற்குத் தப்பி ஓட வேறு மாநிலம் இல்லை.

ஒரு தொழிற்சாலை எங்கள் ஊரை விட்டுக் கிளம்பியபோது அதன் தொழிலாளி ஒருவர் என் மேஜைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். "சார், புது இடத்துக்கு எங்களையும் கூட்டிக்கிட்டுப் போவாங்களான்னு அந்தக் கடுதாசியில ஏதாவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். அவருக்காக ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினேன். இயந்திரங்களின் பட்டியல் இருந்தது.