நட்பும் நல்லெண்ணச் சூழ்ச்சியும்

நட்பிலே சூழ்ச்சிக்கு இடமுண்டா என வினவினால், இல்லையென்றே எவரும் விடையளிப்பர். ஆயின், நண்பரின் நன்மை கருதி ஒன்றை மறைப்பதும், அவர் அறியாமலே அவரை ஒரு வழிக்குத் திருப்புவதும் எம்மவரிடையே நாள்தோறும் நிகழ்வனவே. அவற்றைச் சூழ்ச்சி என நாம் அழைப்பதில்லை. "அவருடைய நன்மைக்குத்தானே" என்று கூறி அமைதி கொள்கிறோம்.

அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாற்றை மேல்வகுப்பிலே கற்பிக்கும்போது, "அப்படியென்றால் அவர் ஔவையாரை ஏமாற்றினாரா?" என்று கேட்கும் பிள்ளை ஆண்டுக்கு ஒருவராவது இருப்பார். வினா பொருத்தமானதே. புறநானூற்றின் 91ஆம் பாடலின்படி, ஏறுதற்கரிய மலைப்பிளவிலே பெற்ற அக்கனியின் பயனைத் தகடூர் மன்னன் தன் நெஞ்சுள் அடக்கிக்கொண்டே கொடுத்தான். கூறியிருந்தால் ஔவையார் உண்ண உடன்பட்டிருப்பாரா என்பது ஐயமே. ஆயினும் அவன் மறைத்தது தன் இழப்பை. நீண்ட வாழ்நாள் தன்னைவிட்டுப் போவதை மறைத்தானேயன்றி, ஔவையாருக்கு உரிய எதனையும் அவரிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டானல்லன். உண்மை தெரிந்தபோது அவர் வாழ்த்திப் பாடினார்.

நண்பரிடம் மறைப்போர் பலரும் 292ஆம் குறளைத் துணைக்கு அழைப்பர். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையாகக் கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. 'குற்றமற்ற' என்னும் நிபந்தனையை நினைவிற் கொள்வோர் மிகச் சிலரே. (வசதியான குறள்கள் எமக்கு எப்போதும் நன்றாக மனனமாகிவிடுகின்றன.) அக்குறள் துறவறவியலில் உள்ளது. நட்புக்கென்றே 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை வகுத்த வள்ளுவர், அங்கே வேறொரு முறையைக் கூறுகிறார். நண்பர் நெறி தவறும்போது முன்சென்று இடித்துரைக்கச் சொல்கிறார்; எம்மை அழும்படி சொல்லவல்லவரையே நண்பராகத் தேடச் சொல்கிறார். முகத்தளவில் மட்டும் நட்புக் காட்ட அவர் இடமளித்தது, பகைவர் நண்பராகி வரும் காலத்திற்கே.

2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வன்னியிலிருந்து செய்திகள் துண்டு துண்டாகவே வந்துகொண்டிருந்தன. அக்காலத்தில் புகலிட நாடொன்றில் ஐந்து இளைஞர்கள் ஒரே வீட்டில் வசித்தனர். அவர்களுள் ஒருவரின் தாயார் எறிகணை வீச்சில் இறந்த செய்தி மற்றைய நால்வருக்கே முதலில் எட்டியது. அவருக்கோ அகதி விண்ணப்ப நேர்காணலுக்கு நான்கு நாட்களே இருந்தன. துயரத்தில் திகதிகளை மாற்றிக் கூறிவிட்டால், முன்னுக்குப் பின் முரண் எனக் கூறி விண்ணப்பத்தை நிராகரித்துவிடலாம். நிராகரிப்பு என்றால் என்னவென்று அகதியாய் வந்த எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. எனவே நால்வரும் கூடிப் பேசி, உறவினரிடமும் சொல்லிவைத்து, வீட்டார் பாதுகாப்பாக இருப்பதாகவே அவரிடம் கூறினர். நேர்காணல் நல்லபடியே முடிந்தது. தாயாரின் எட்டாம் நாளும் கழிந்த பின்னரே அவர் உண்மையை அறிந்தார்.

பின்னாளில் அவர் எம்மிடம் கூறியது இது: "நான் போயிருக்கேலாது, அது எனக்குத் தெரியும். ஆனா அண்டைக்கு இரவு நான் அவங்களோட இருந்து சிரிச்சுக்கொண்டு படம் பாத்தனான், மாஸ்டர்."

அந்நால்வரின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அவர்கள் மறைத்தது அவருடைய இழப்பை. நேர்காணலைப் பின்போடும்படி கேட்பதா, துயரத்தோடே செல்வதா எனத் தீர்மானிக்க வேண்டியவர் அவர். அத்தீர்மானத்தை அவருக்குத் தெரியாமலே அவர்கள் எடுத்துவிட்டனர். நால்வரும் இன்றும் அவருக்கு நண்பர்களே. எனினும், ஊரில் எல்லோரும் சுகம் என்று அவர்களுள் எவர் கூறினாலும், தாமே தொலைபேசி எடுத்துக் கேட்ட பின்னரே அவருக்கு உறக்கம் வருகிறது. பயன் நல்லதாய் முடிந்தது என்பதற்காக இதனை நாம் ஏற்பதற்கில்லை.

இதனால் எல்லா மறைப்பையும் நாம் கடிவதாகக் கொள்ளற்க. எம்மவர் பிடிக்கும் ஏலச்சீட்டை நோக்குவோம். மாதந்தோறும் அனைவரும் பணம் கட்ட, கூடிய கழிவு கூறுபவர் அம்மாதத் தொகையை எடுப்பார். கழிவு மற்றையோருக்குப் பங்காகும். வேலை இழந்த ஒருவர், கடனாகக்கூடக் கைநீட்ட மறுப்பவர், ஒரு மாதம் சீட்டை எடுக்க வந்தார். ஏனையோர் முன்னரே தமக்குள் பேசிவைத்து, எவரும் போட்டிக்குக் கழிவு கூறாதிருந்தனர். ஏறக்குறைய முழுத்தொகையும் அவர் கைக்குப் போயிற்று. "இந்த மாதம் எங்களுக்குத் தேவையில்லை" என்று அவர்கள் சொன்னது பொய். இருவருக்கு அவசரத் தேவை இருந்தது. கழிவால் வரக்கூடிய பங்கையும் அனைவரும் இழந்தனர். அவரிடமிருந்து எதுவும் போகவில்லை. சீட்டை எடுப்பதும் விடுவதும் அவர் கையிலேயே இருந்தது.

அவருக்கு இது இன்றுவரை தெரியாது. இம்மலரை வாசித்து அறிந்துகொள்வாரெனின், சிறிது கோபிப்பார்; பின்னர் எல்லோரையும் தேநீருக்கு அழைப்பார்.